பதினோராம் எண் தோல்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை, தோலை மெலிதாகச் சீவிச் சாயம் ஏற்றுவது. கை நடுக்கம், மறதி என்று பின்னால் வரப்போகும் மூளை நோயைப் பல வருடம் முன்பே தோலிலுள்ள நரம்பு காட்டிக்கொடுக்குமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. பின்கழுத்து, தொடை, கணுக்கால் என மூன்று இடத்தில் மிளகளவு தோல் எடுப்பார்கள். மைக்ராஸ்கோப்பில் நரம்பு பச்சை நூலாகத் தெரியும். கெட்டுப்போன புரதம் படிந்திருந்தால் நூல் நெடுகச் சிவப்புப் புள்ளிகள்.

ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத இருபது பேர் வேண்டியிருந்தது. ஒருத்தரும் லேசில் சிக்கவில்லை. அவள் தன் அண்ணனைப் பிடித்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். ஐம்பத்திரண்டு வயதில் ஒருநாள் காய்ச்சலென்று படுத்ததில்லை.

"எரும தோலு. ஊசி ஒடஞ்சா என்னைக் கேக்கக் கூடாது" என்று சிரித்துக்கொண்டே படுத்தான். முடிவு தனக்குத் தெரிவிக்கப்படாது என்ற தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். குப்பியில் பதினொன்று என்று சீட்டு ஒட்டியது அவள்தான்.

மூன்று வாரம் கழித்துப் பதினொன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். மூன்று இடத்திலும் சிவப்பு.

"சாயத்தைச் சரியா கழுவலையோ என்னவோ. திரும்பப் பண்ணும்மா" என்றார் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர்.

பண்ணினாள். பக்கத்திலேயே பழுதில்லாதது என்று தெரிந்த தோல் ஒன்றையும் வைத்துப் பண்ணினாள். அது சுத்தமாக இருந்தது. பதினொன்று அம்மை போட்ட மாதிரி இருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது இருந்தா வியாதி வந்தே தீரும்னு நம்மால இன்னும் சொல்ல முடியாது. வந்தாலும் எப்பன்னு தெரியாது. சொல்ல நமக்கு உரிமையும் இல்ல."

"அது எங்கண்ணன், சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். "தெரியாத மாதிரியே இரு" என்றார் கடைசியில்.

அப்படியே இருப்பதென்றுதான் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணியின் தோளில் கன்றிப்போன தடம்.

"இதென்ன அண்ணி?"

"உங்கண்ணன் கைவரிசை. தூக்கத்துல யாரோடயோ சண்ட, குத்தும் ஒதையுமா. முழிச்சிருக்கும்போது எதுத்துப் பேச தைரியம் இல்ல பாரு, அதான் கனவுல தீத்துக்கறாரு!"

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். கேட்டவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கத்தில் கை காலை வீசுவீர்களா என்பதுதான் இந்த நோயாளிகளிடம் முதலில் கேட்கிற கேள்வியே.

பேச்சு மும்முரத்தில் அடுப்பில் பால் பொங்கிக் கருகியது. புகை கூடம்வரை வந்துவிட்டது. சமையலறை வாசலிலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"மூக்க எங்க அடகு வச்சீங்க?" என்று அண்ணி ஓடினாள்.

"ஜலதோஷம்."

"ரெண்டு வருஷமாவா?"

வாசனை தெரிகிறதா என்பது இரண்டாவது கேள்வி.

சாயங்காலம் அண்ணன் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தான். வலது கை நடைக்கு ஏற்ப வீசியது. இடது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"வந்ததுலேருந்து என்னையே பாத்துட்டிருக்க. என்ன பாப்பா?"

"ஒன்னும் இல்லண்ணா."

"நான் குடுத்த தோலா?"

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டாள். பஸ் வந்து நின்று போனது. அவன் போகிற பஸ்ஸையே பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டான்.

"கிரேன் ஏறலாமா?"

"தெரியலண்ணா. நல்ல டாக்டரா பாத்துக் கேப்போம்."

"கீழ ஆளுங்க நிப்பாங்க, பாப்பா" என்றான். பிறகு, "அண்ணிகிட்ட இப்ப சொல்லாத."

மறுநாளே முழங்கால் வலி என்று சொல்லித் தரையிலேயே வேலை கேட்டு வாங்கிக்கொண்டான். உயரத்தைக் கண்டு பயந்துவிட்டதாகக் கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். நாலு மாதத்தில் இடது கட்டைவிரல் தானாகவே நடுங்கி ஆள்காட்டி விரலை உரச ஆரம்பித்தது. அண்ணிக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அண்ணனிடம் சொல்லிவிட்டதை மறுநாளே அவள் டாக்டரிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். அவர் திட்டவில்லை. பட்டியலில் பதினொன்றை அடித்தார். நாலு மாதம் கழித்து அதே பட்டியலைத் திரும்ப எடுத்தார்.

"இன்னும் ஒரு ஆள்தான் கொறையுது. நீயே குடுத்துடேன்…" என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். "வேணாம். நான் வேற ஆள பாத்துக்கறேன்."

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த துண்டைச் சீவப் போனாள். நடுவில் ஒருமுறை தன் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கணவனிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"நான் தூக்கத்துல ஏதாவது பண்றேனா?"

அவன் விரல்கள் பொத்தானிலேயே நின்றன. "ஏன் கேக்கற?" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.