தலைவர் பேசாத பால்கனி

சலூன்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் இல்லையென்றால் தெருவே இன்றைக்கு இருந்திருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆலைத் தொழிலாளிகளுக்காக எப்போதோ கட்டிய, ஒன்றின் சுவரை ஒன்று பங்குபோட்டு நிற்கும் வரிசை வீடுகள். ஆலை மூடியது, கூரை ஒழுகியது, கடைசியில் இடித்துத் தள்ள ஆணையும் வந்துவிட்டது. பார்வையிட வந்த அதிகாரி போகிற போக்கில் முடிவெட்ட உட்கார்ந்தார். நம் ஆள் சும்மா இருப்பாரா?

"பெரிய வேலைநிறுத்தம் நடந்துச்சே சார், அப்போ தலைவர் இந்த மாடி பால்கனியில நின்னுதான் பேசினாரு. எங்க தாத்தா கீழ நின்னு கேட்டிருக்காரு."

தலைவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததே இல்லை. தாத்தாவுக்கோ இரண்டு காதும் கேட்காது. ஆனால் புளுகு எடுபட்டது. பேப்பரில் போட்டார்கள், வாசலில் கல்வெட்டு பதித்தார்கள், பாரம்பரியத் தெரு என்று அறிவித்தார்கள். முகப்பில் யாரும் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்றும் சேர்த்தே சொல்லிவிட்டார்கள்.

சலூனுக்கு மேலே அந்த மாடியில் இருந்தது அவருடைய அக்கா. புருஷன் போன பிறகு தம்பிதான் கதி என்று வந்தவள். பால்கனியைத் தாங்கும் கட்டைகளைக் கரையான் அரித்துக்கொண்டிருந்தது.

"காலை வெச்சா ஆடுதுடா. ரெண்டு கம்பியாவது முட்டுக் கொடேன்."

"அனுமதி கேட்டா ஆபீசர் வந்து பார்ப்பான்க்கா. மக்கிருச்சுன்னு தெரிஞ்சா ஆபத்தான கட்டடம்னு எழுதி மொத்தத் தெருவையும் இடிச்சிருவான். பின்தெருவை அப்படித்தானே இடிச்சான்? நீ அந்தப் பக்கமே போகாத."

பாவி, அவருக்கு மட்டும் பயம் இல்லையா? ராத்தூக்கம் போய் நாளாகியிருந்தது.

பாரம்பரியத் தெரு என்ற பாதுகாப்பை நீட்டிக்கலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு வந்தது. தெருவே திரண்டு நின்றது. குழுத்தலைவர் கேமராக்காரரைக் கூப்பிட்டு, "வீட்டுக்காரம்மா தலைவர் நின்ன இடத்துல நிக்கட்டும், ஒரு படம் எடுத்துக்கலாம்" என்றார்.

அக்கா மாடிக் கதவைப் பிடித்தபடி தம்பியைப் பார்த்தாள்.

"ஏம்மா, பால்கனியில ஏதாவது கோளாறா?" என்றார் குழுத்தலைவர்.

அக்கம்பக்கத்தார் எல்லாரும் சலூன்காரர் முகத்தையே பார்த்தார்கள். போக்கிடம் இல்லாத ஜனங்கள். அவர் குழுத்தலைவர் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"ஒண்ணுமில்ல சார், கூச்சப்படுறாங்க. போக்கா, ஒரு நிமிஷம்தானே."

அவள் கதவை விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெதுவாக வெளியே வந்தாள். கேமராக்காரர் இன்னும் கொஞ்சம் முன்னால் வரச் சொன்னார். கட்டை முறிந்த சத்தம் தெருமுனைவரை கேட்டது.

கல்வெட்டு இருக்கிற வீடாயிற்றே, இடிப்பார்களா? பழையபடியே கட்டித் தருவதாகச் சொல்லி, அக்காவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன கையோடு ஒரு பொறியாளரை அனுப்பினார்கள்.

"தலைவர் நின்னப்போ கைப்பிடி எப்படிங்க இருந்துச்சு?" என்று அவர் கேட்டார்.

தெரு மறுபடியும் சலூன்காரரையே பார்த்தது. அழுது வீங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பிடி எவ்வளவு உயரம், என்ன மரம், என்ன வேலைப்பாடு என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.