ஷோகேஸில் நின்ற தொப்பிக்காரர்

ஜானி வாக்கர் விஸ்கி பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக நடந்துகொண்டே இருக்கும் அந்த ஆள் எங்கள் பெருங்களத்தூர் வீட்டில் மட்டும் நகரவே இல்லை. வருடக்கணக்காக ஷோகேஸில், என் கபடிக் கோப்பைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கம்பெனி என்னை ஜெர்மனிக்கு அனுப்பியபோது திரும்பும் வழியில் ஏர்போர்ட்டில் அப்பாவுக்காக வாங்கியது. மறைமலை நகரில் ஷிஃப்ட் பார்க்கிறவனுக்கு அது பெரிய விஷயம்.

அப்பா ஜெயவேலு அதைத் திறக்கவே இல்லை. நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் தனியாக வீடு கட்டிக் குடிபோனேன், மகளுக்குக் காது குத்தினேன். ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்த்தேன். “நல்ல நாள் வரட்டும்டா குமரேசா” என்பார். இதைவிட நல்ல நாள் எங்கேயிருந்து வரும்? பாட்டிலைத் தொடவும் விடமாட்டார். ஆனால் சாயங்காலமானால் பெருங்களத்தூர் கடை வரிசையில் நின்று பிராந்தி குவாட்டர் வாங்கி ஊற்றிக்கொள்வார். எனக்கு வயிறு எரியும். பிள்ளை ஆசையாக வாங்கித் தந்தது வாயில் வைக்கக்கூட லாயக்கில்லையா? கடைசி நாட்களில் அவரிடம் முகம் கொடுத்தே நான் பேசவில்லை.

போன ஆடியில் போய்ச் சேர்ந்தார். நேற்று முதல் வருடப் படையல். எங்கள் பக்கத்தில் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். கறிக்குழம்பு, வறுத்த வஞ்சிரம், சுருட்டு எல்லாம் வைத்தாயிற்று. உயிரோடு இருந்தபோது குடிக்காததை இப்போதாவது குடிக்கட்டும் என்று வீம்பாக ஷோகேஸைத் திறந்தேன். அம்மா டம்ளரை எடுத்து நீட்டினாள்.

சீல் உடையும் சத்தமே இல்லாமல் மூடி கழன்று வந்தது. டம்ளரில் ஊற்றினேன். டீ வாசனை. பால் ஊற்றாத வெறும் டீ.

“யாரும்மா இந்த வேலைய பண்ணது?” கத்தியே விட்டேன்.

அம்மா முந்தானையை முறுக்கினாள். “நாந்தான் நைனா. நீ குட்த்துட்டுப் போனதுமே சிங்க்குல கொட்டிட்டேன். குடிச்சே சாவறாரு மனுஷன், நீ வேற வெளிநாட்லேர்ந்து தூக்கினு வர்ற. எனக்கு ஆத்திரம். டீய ரொப்பி வெச்சிட்டேன்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“மறுநாளே ஒரு வாய் குட்ச்சாரு. என்னியே பாத்துகினு இருந்தாரு. ‘புள்ளைக்குத் தெரிஞ்சா உன்னாண்ட பேச மாட்டான், வுடு’ன்னாரு. அப்பால, பூஞ்ச புடிக்கும்னு அவரே மாசாமாசம் டீ போட்டு மாத்துவாரு.”

அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. டம்ளரில் இருந்த டீயில் பூஞ்சை இல்லை.

“இது யாரு மாத்துனது?”

“காலைல நாந்தான். எப்படியும் நீ எடுப்பேன்னு தெரியும். அவருக்கு சக்கர தூக்கலா இருக்கணும், போட்டுக்கீறேன்.”

யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. டம்ளரை இலை ஓரமாக வைத்தேன்.

“குடிச்சுத் தொலைப்பா” என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.