கடை திறக்கும் கை

ஆறாவது வாரமும் ஐயாத்துரை அண்ணாச்சியின் வலது கை தோள் உயரத்தோடு நின்றுவிட்டது. நான் பிடித்துத் தூக்கினால் இன்னும் நாலு விரல் உயரும். விட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடும். கோணம் அளக்கிற பிளாஸ்டிக் அளவுகோலை வைத்துப் பார்த்து நோட்டில் தொண்ணூறு என்று எழுதினேன். போன வாரமும் அதே தொண்ணூறுதான்.

"வெசனப்படாதம்மா, போன வாரத்துக்கு இப்பத் தேவலை" என்றார். எனக்கே ஆறுதல் சொல்கிற நோயாளி அவர் ஒருவர்தான்.

என் பெயர் ஜெகதீஸ்வரி. எம்.ரெட்டியபட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, அருப்புக்கோட்டையில் ஒரு மருந்துக் கடை மாடியில் பிசியோதெரபி பார்க்கிறேன். இங்கே படியேறுகிறவர்களில் பாதிப் பேர், சுளுக்கு எடுத்து, எண்ணெய் போட்டு நீவி, எதற்கும் நோவு கேட்காத பிறகு கடைசியாக வருகிறவர்கள். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, கையைத் தூக்கு, இறக்கு என்கிறேன். இதற்கு ஒரு படிப்பா என்று என் அப்பாவே கேட்டிருக்கிறார். அதனால் ஒரு கை சரியாகாமல் அடம்பிடித்தால் எனக்குச் சோறு இறங்காது.

அண்ணாச்சிக்கு பஜாரில் கயிறு, சாக்கு, வாளி விற்கிற கடை. ஐப்பசி மழையில் கடையின் ஷட்டர் இறுகிக்கொள்ள, ஒரே மூச்சில் இழுத்திருக்கிறார். தோளுக்குள் ஏதோ தெறித்தது. ஸ்கேனில் தசைநார் பாதி கிழிந்திருந்தது. மூன்று மாதம் பயிற்சி, பாரம் கூடவே கூடாது, மீறினால் மீதியும் கிழிந்து மதுரையில் ஆபரேஷன், அப்புறமும் பழைய கை வருமென்று உறுதி சொல்ல முடியாது என்று எலும்பு டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். வாரம் தவறாமல் நான் கேட்பேன், பாரம் ஏதும் தூக்குகிறீர்களா என்று. "ஒரு செம்புத் தண்ணி தூக்கலம்மா. எல்லாம் வேலையாளு செல்வக்குமாருதேன்" என்பார். கூட வந்திருக்கும் அவர் மனைவி கோகிலாம்பாள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கம்புப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்திருந்தேன். இரண்டு கையாலும் ஒரு கம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நல்ல கை தூக்கும், நோவுள்ள கை சும்மா கூடவே போகும். "வேலை எடது கைக்கு. வலது கைக்குச் சவாரி மட்டும்" என்று சொன்னபோது அவர் சிரித்தார். வீட்டில் காலையும் மாலையும் செய்வதாக அந்தம்மாவும் சாட்சி சொன்னார். பயிற்சி நேரத்தில் அவர் பேச்சு முழுக்கக் கடையைப் பற்றித்தான். போன வருடம் கண் ஆபரேஷனுக்காக மதுரையில் பத்து நாள் தங்கியபோது தம்பி கடையைத் திறந்ததையும், அந்தப் பத்து நாளில் குமாரலிங்கபுரத்துக்கு ஒரு முழு லோடு கயிறு போனதையும் மூன்று தடவையாவது சொல்லியிருப்பார். "எந்தம்பி கைராசி அப்பிடி."

அடுத்த திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். பஜார் வழியாக நடந்தபோது அவர் கடை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பூட்டுகளை எடுத்தார். தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வலது கையை ஷட்டருக்கு அடியில் கொடுத்து ஒரு எக்கு எக்கினார். ஷட்டர் முழங்கால் வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு எக்கு. என் ஆறு வாரமும் அந்தத் தகரத்துக்கு அடியில் நசுங்குவதை எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"என்ன அண்ணாச்சி, பாரமே தூக்கலைன்னீங்க?"

அவர் நிஜமாகவே திகைத்தார். "இது கடை தெறக்குறதும்மா. இது எப்பிடிப் பாரத்துல சேரும்?"

பொய் சொல்கிறவர் முகம் இல்லை அது. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. இடது கையால் திறக்கச் சொன்னேன். இடது கையால் விருந்துக்குச் சோறு போடச் சொன்ன மாதிரிப் பார்த்தார். செல்வக்குமாரைத் திறக்கச் சொல்லுங்கள் என்றேன்.

"வேலையாளு கை வேற, மொதலாளி கை வேற. எங்கப்பா இந்தக் கையப் பிடிச்சுத்தேன் ஷட்டர்ல வச்சாக. முப்பத்தெட்டு வருசமா இந்தக் கைதேன் தெறக்குது. அந்தப் பத்து நாளு மட்டும் தம்பி. அவனும் ஒரே ரத்தம்."

எனக்குச் சிரிக்கவும் யோக்கியதை இல்லை. எங்கள் காட்டில் என் அம்மா முதல் விதை போடாமல் அப்பா பருத்தி ஊன்றவிட மாட்டார்.

"கை இருந்தாத்தான அண்ணாச்சி ராசி?" என்றேன்.

சாமி படத்துக்குப் பூச்சரத்தோடு வந்த கோகிலாம்பாள் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"அந்தப் பத்து நாளும் ஒங்க தம்பி வரல" என்றார். "மாமியா வீட்டுல விசேசம்னு போயிட்டாக. நாந்தேன் தெறந்தேன்."

"நீயா?"

"கட்டுப் போட்ட கண்ணோட கெடந்தீக. அப்பச் சொல்ல மனசு வரல. வீட்டுக்கு வந்ததும் தம்பி கைராசி, தம்பி கைராசின்னு பெருமையாப் பேசுனீக. அப்புறம் எங்கிட்டுச் சொல்ல?"

அண்ணாச்சி பாதி திறந்த ஷட்டருக்குள் குனிந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தம்மா பூச்சரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். விடிந்தும் விடியாமல் ஒரு குடும்பத்துக்குள் குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டோமே என்று நான் நழுவினேன்.

தினமும் மாலையில் பயிற்சிக்கு வருகிறவர் அன்று வரவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் வரவில்லை. போன் போட்டதற்குக் கோகிலாம்பாள்தான் எடுத்தார். "கோவமாவும் தெரியல. பேசவும் மாட்டேங்கிறாக. கடையும் தெறக்கலம்மா" என்றார். முப்பத்தெட்டு வருடக் கடையைப் பூட்ட வைத்த பிசியோதெரபிஸ்ட் என்று ஊர் பேசும். அதைவிட, வீம்புக்கு மறுபடி ஒரே எக்காக எக்கி மிச்ச நாரையும் அறுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயந்தான் பெரிதாக இருந்தது.

வியாழக்கிழமையும் முதல் பஸ். எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாக நின்றுகொண்டேன். இரண்டு பேரும் வந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றினார், பூட்டுகளை எடுத்தார், தரையைத் தொட்டுக் கும்பிட்டார். வலது கையை ஷட்டருக்கு அடியில் வைத்தார். பக்கத்தில் கோகிலாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து இரண்டு கையையும் கொடுத்தார். புதிதாகப் போட்ட கிரீஸ் ஷட்டரின் ஓரத்தில் கறுப்பாக வழிந்திருந்தது.

தூக்கியது அந்தம்மாதான். அண்ணாச்சியின் கழுத்து விறைக்கவில்லை, தோள் எம்பவில்லை. அதை நான் எவ்வளவு தூரத்திலிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். கை சும்மா கூடவே போனது. இடுப்பு. நெஞ்சு. தோள் உயரத்தில் கோகிலாம்பாள் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தார். அவர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. ஷட்டர் மறுபடி நகர்ந்து, காதைத் தாண்டி, தலைக்கு மேலே போய் நின்றது.

அந்தம்மா கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, பூச்சரத்தோடு உள்ளே போனார். அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். அவர் வலது கை மட்டும் தகரத்தின் விளிம்பைத் தொட்டபடி இன்னும் மேலேயே இருந்தது.