நாற்பதாவது இடத்தில் ஒரு பை

1

இது கதையாகப் பிறக்கவில்லை, பாடமாகப் பிறந்தது. சமூகவியல் பாடநூல் தொகுக்கும் என் தோழி, 'சமூக உண்மை'க்கு அரைப் பக்கத்தில் ஓர் உதாரணம் கேட்டாள்.

"படிக்கிற பசங்க தூங்கக் கூடாது, அவ்வளவுதான்," என்றாள்.

அந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட மூவரின் படங்கள் என் மேசையில் கிடந்தன. மூவருக்கும் தாடி. முதல் தாடிக்காரர், யார் கையில் என்ன இருக்கிறது என்று பார் என்கிறார். இரண்டாமவர், யாரும் உத்தரவு போடாமலே எல்லோரையும் கட்டிப்போடும் வழக்கங்கள் உண்டே, அவைதான் சமூக உண்மைகள் என்கிறார். மூன்றாமவர், செய்கிறவருக்கு அதில் என்ன அர்த்தம் என்று விசாரிக்கச் சொல்கிறார்.

2

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில்

(வேண்டாம். மழை இந்தக் கதைக்கு ஒரு உதவியும் செய்யப்போவதில்லை.)

மருத்துவமனை அலுவலகத்தின் மாடி. செவிலியர் உதவியாளர் பயிற்சிக்கு நாற்பதே படிவங்கள். ஒரு மணிக்கு ஜன்னல் மூடிவிடும். நின்று கால் கடுத்தவர்கள் வரிசையில் பையையோ குடையையோ வைத்துவிட்டுப் போய் உட்காருவார்கள். வரிசை நகரும்போது பின்னால் நிற்பவர் அதையும் நகர்த்துவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

பிரசவ வார்டு ஆயாம்மா வந்து நின்றபோதே அவருக்கு முன்னால் ஆளில்லாமல் ஒரு நீலப் பை இருந்தது. காலையிலிருந்து அதை நகர்த்திக்கொண்டே வந்தார். வயது வரம்பு முப்பத்தெட்டு. அவருக்கு அடுத்த மாதம் முப்பத்தொன்பது. இதை விட்டால் ஓய்வு பெறும்வரை தரை துடைக்க வேண்டியதுதான்.

முப்பத்தொன்பதாவது ஆள் படிவம் வாங்கிப் போனார். அடுத்து பை. அதன் சொந்தக்காரரைக் காணோம்.

3

முதல் வரைவில் ஆயாம்மா பையைக் காலால் ஒதுக்கிவிட்டுப் படிவம் வாங்கினார். கதை அங்கேயே படுத்துவிட்டது. இப்போது திருத்தியது:

"பைக்கெல்லாம் படிவம் தர முடியாது. நீங்க வாங்கம்மா," என்றார் ஜன்னல்காரர்.

"கொஞ்சம் இருங்க சார். வந்துடுவாங்க."

பின்னால் நின்ற குடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா நீங்க? எனக்குத்தான் எப்படியும் கிடைக்காது. கிடைக்கிற நீங்களும் வேணாங்கறீங்க. வயிறு எரியுது."

(இவ்வளவு நல்லவர் உண்டா என்று எனக்கும் சந்தேகம்தான். மூன்றாவது தாடிக்காரர் சொன்னபடி விசாரித்தேன்.)

"காலையில டீ குடிக்கப் போயிட்டேன் தம்பி," என்றார் ஆயாம்மா அவரிடம். "திரும்பி வந்தா என் பை எட்டு பேர் தூரம் நகர்ந்திருக்கு. பின்னாடி உங்க குடைதான் இருந்துச்சு, யாரு நகர்த்துனாங்கன்னு தெரியாது. அவங்க ஒதுக்கியிருந்தா நான் இப்ப எங்க நிப்பேன்?"

குடைக்காரர் குடையைத் தன் இடத்தில் வைத்தார். "ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாம எங்கன்னு தேடறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போனது.

"ஒரு மணி வரைக்கும் பார்ப்போம். வரலன்னா அந்தம்மாவுக்கே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வரிசை தலையாட்டியது. யாரும் எழுதாத ஒரு சட்டம் பிறந்தது. இரண்டாமவர் பார்த்திருந்தால் தாடியைத் தடவிக்கொண்டிருப்பார்.

"சார், ஏன் நாப்பது?" என்றார் இன்னொருவர்.

ஜன்னல்காரர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். எண் இருந்தது, காரணம் இல்லை. பதினோரு வருடமாக அவரும் கேட்டதில்லை. தொலைபேசியை எடுத்து, "சார், நாப்பத்தொண்ணு ஆக்க முடியுமா?" என்றார். மறுமுனை "இருங்க" என்றது.

4

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம். தோழி கேட்ட அரைப் பக்கம் எப்போதோ தாண்டிவிட்டது. பையின் சொந்தக்காரரை நான் இன்னும் எழுதவில்லை. மறுமுனையின் பதிலையும் எழுதவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்கிறது. அது குடைக்காரர் ஒருவருடையதா, இருவருடையதா? உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

இருவர் என்றால், ஆயாம்மா பையைத் தூசி தட்டி எடுத்து நீட்டிவிடுவார். அதை மாற்றிப் பார்க்க மூன்று முறை முயன்றேன், என்னால் முடியவில்லை. உங்களாலும் முடியாது.