இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன

ஆறாம் அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார் துறைத் தலைவர். அவள் முடியாது என்றாள்.

வீட்டில் அவளுக்கு 'ஒத்தைக்கால்' என்று பெயர். எதையாவது நினைத்துவிட்டால் ஒற்றைக்காலில் நிற்பாள் என்பதால் அண்ணி வைத்தது. கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை அவள் முடிக்கும் தறுவாயில் இருந்தாள்; வழிகாட்டி அந்தத் துறைத் தலைவர்தான்.

ஒரே இரும்புப் பெட்டிக்குள் பல கணினிகள் இருப்பதுபோல மென்பொருளாலேயே உருவாக்கிவிட முடியும். மெய்நிகர் கணினி என்பார்கள். அதற்கென்று உடம்பு கிடையாது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெட்டியை விட்டு இன்னொரு பெட்டிக்குக் கூடுவிட்டுக் கூடு பாயும். துறைத் தலைவர் பெயர் வாங்கியதே அதில்தான். அவருடைய அமைப்பில் ஒரு பெட்டி செத்தால், வேறொரு பெட்டியில் காத்திருக்கும் நகல் கண்விழித்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும். ஊரிலுள்ள மருத்துவமனைகளை எல்லாம் இணைக்கும் திட்டத்துக்கு அதைத்தான் வாங்க இருந்தார்கள்.

அவள் கேட்டது ஒரே கேள்வி. பெட்டி சாகவில்லை, இரண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்தது என்றால்? எதிர்ப்பக்கம் பேச்சுமூச்சு இல்லையென்றதும் நகல் விழித்துக்கொள்ளும். அசலோ நன்றாகவே இருக்கும். இரண்டும் 'நான்தான் அசல்' என்று பதிவேட்டில் ஆளுக்கொன்றாக எழுதத் தொடங்கும். ஆறாம் அத்தியாயம் முழுக்க அதுதான்.

"இதோ பாரும்மா, எப்பவோ ஒரு தடவை நடக்கிற விஷயம் இது."

"அந்த ஒரு தடவை என்ன ஆகும்னுதான் சார் எழுதியிருக்கேன்."

"அதைத்தான் எடுத்துடுன்னு சொல்றேன்."

"அப்போ மிச்ச அஞ்சையும் சேர்த்து எடுத்துடறேன் சார். இது இல்லாம அதெல்லாம் பொய்."

மறுநாள் ஆய்வகக் கணினிகள் அவளை உள்ளே விடவில்லை. பராமரிப்பு வேலை நடக்கிறதாம். பக்கத்து இருக்கைக்காரனின் திரை மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

நேராக அண்ணியின் பல் மருத்துவமனைக்குப் போனாள். ஒரு நோயாளி கொப்பளித்துத் துப்பும் இடைவெளியில் அண்ணி விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"முன்னாடி மேஜையில ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. உங்க அண்ணன் ஜெராக்ஸ் கடையில ஒண்ணு தூங்குது. போதுமா?"

"போதும் அண்ணி. ஆனா நிஜமான வேலை ஏதாவது அதுல ஓடணும்."

"என் அப்பாயின்ட்மென்ட்டையே ஓட்டு. பல்லுதானே, கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா யாரும் செத்துப்போயிட மாட்டாங்க."

துறைத் தலைவர் கட்டுரைகளில் வெளியிட்டிருந்த அமைப்பை வரிக்கு வரி அப்படியே கட்டினாள். நேரம் கேட்டு வரும் அழைப்புகளைத் தெருவின் இந்தப் பக்கம் அண்ணியும், அந்தப் பக்கம் கடையிலிருந்து அண்ணனும் எடுத்தார்கள். ஆய்வகத்தில் இணைப்பை அவளே துண்டித்தால்தான் உண்டு. இங்கே யாரும் தொடாமலே அது போவதும் வருவதுமாக இருந்தது. எப்பவோ ஒரு தடவை நடக்கிற விஷயம் முதல் வாரத்திலேயே நடந்தது.

கன்னம் வீங்கிய ஓட்டுநர் ஒருவரும், மறுநாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு முன்பல் உடைந்த பெண்ணொருத்தியும் ஒரே நேரத்துக்கு வந்து நின்றார்கள். இரண்டு பேருக்கும் அந்த நேரம் உறுதியாகத்தான் கொடுக்கப்பட்டிருந்தது. வீங்கிய வாயோடு அவர் கத்த, உடைந்த பல்லோடு அவள் கத்த, இருவர் சொன்னதும் யாருக்கும் புரியவில்லை.

அண்ணி கையுறையோடு வெளியே வந்தாள். முதலில் சிரித்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"என்கிட்ட இருக்கிறது ஒரே நாற்காலி. உன் கம்ப்யூட்டர் ரெண்டு பேரை அனுப்புது. இன்னைக்குப் பல்லு. நாளைக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்துறவங்க இதை நம்பி ஏத்தினா?"

அதையே அவள் துறைத் தலைவருக்கு எழுதினாள். பதிலில்லை. செயல்விளக்க நாளுக்கான அறிவிப்புதான் வந்தது.

அரங்கில் மருத்துவமனைகளின் மருத்துவர்களும் செவிலியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் இரண்டு கணினிகள், இரண்டு பெரிய திரைகள். துறைத் தலைவர் ஒரு நோயாளியின் மருந்துக் குறிப்பைப் பாதிவரை தட்டிவிட்டு, அந்தக் கணினியின் மின்சாரத்தை நிறுத்தினார். கண்மூடித் திறப்பதற்குள் மற்ற திரையில் அதே வாக்கியம், அதே பாதியில் நின்றது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நின்றுபோன கணினியை மறுபடி ஓடவிட்டு, வேலையை அதற்கே திருப்பிவிட்டு, ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்டார்.

அவள் எழுந்தாள்.

"சார், இப்போ மின்சாரத்தை நிறுத்தாம நடுவுல இருக்கிற ஒயரை மட்டும் எடுத்துப் பாருங்க."

"அது இன்னைக்கு நிகழ்ச்சியில இல்லைம்மா. உக்காரு."

அவள் உட்காரவில்லை. மேடையை நோக்கி நடந்தாள். யாராவது தடுக்கும் முன் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"யாராவது இந்தக் கணினியில மருந்தோட அளவை மாத்துங்க."

முன்வரிசையிலிருந்த தலைமைச் செவிலியர் மேடையேறி மாற்றினார். இடப்பக்கத் திரையில் புது அளவு தெரிந்தது. வலப்பக்கத்தில் நகல் விழித்திருந்தது. அதில் பழைய அளவே இருந்தது. இரண்டு திரைகளிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை விளக்கு எரிந்தது.

"இதுல எதை நான் கொடுக்கணும்?" என்றார் செவிலியர்.

துறைத் தலைவர் ஒயருக்காகக் கையை நீட்டினார்.

"ரெண்டும் உயிரோட இருக்கு மேடம். ரெண்டும் தன்னைத்தான் நம்புது," என்றாள் அவள். "மூணாவதா ஒரு கம்ப்யூட்டர் வேணும். மூணுல ரெண்டு ஒத்துக்கிட்டாதான் எழுதலாம். தனியா மாட்டிக்கிட்டது வாயை மூடிக்கிட்டு இருக்கணும்."

மருத்துவமனைகள் வாங்குவதை நிறுத்தி வைத்தன. அவள்மீது ஒழுங்கு விசாரணை வந்தது. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள்.

"பிடுங்கினேன். இல்லைன்னு சொல்லலை," என்றாள். "நான் பிடுங்காம இருந்திருந்தா ஒரு நோயாளிக்கும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு உங்கள்ல யாராவது எழுதிக் கொடுங்க. அடுத்த நிமிஷம் மன்னிப்புக் கேக்கறேன்."

யாரும் பேனாவை எடுக்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க ஆய்வகத்தில் நுழையத் தடை விதித்தார்கள். கணிதத் துறையில் ஒரு பேராசிரியை, "எனக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஆகாது, வா" என்று அவளைத் தன் மாணவியாக எடுத்துக்கொண்டார். ஆறாம் அத்தியாயம் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் அச்சானது.

துறைத் தலைவர் அதன்பிறகு அவளிடம் பேசவில்லை. அவருடைய அமைப்பின் புதிய வடிவத்தில் மூன்றாவது கணினி இருந்தது. அதைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையில் அவள் பெயர் இல்லை.

"விட்டுத் தொலையேன், அதான் நோயாளிங்க தப்பிச்சாங்களே," என்றாள் அண்ணி.

அவள் விடவில்லை. கட்டுரை வந்த ஆய்விதழின் ஆசிரியருக்கு ஆதாரங்களோடு எழுதினாள். திருத்திய பதிப்பில் அவள் பெயர் வந்தது, கடைசியாக. முதலில் வர வேண்டிய பெயர் அது என்று இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.