சாயம் வியாழக்கிழமையே வந்துவிட்டது

1

இந்தக் கதையைப் பத்து வருடமாக மதுக்கடையில் பொய் சேர்த்துச் சொல்லிவந்தேன். போன மாதம் கதையின் நாயகி வல்புர்காவே என்னைத் தெருவில் மறித்தாள்.

"வாத்தியாரே, என்னை வச்சு ஓசி பீர் குடிச்சது போதும். ஒழுங்கா எழுது, இல்ல வாய மூடு."

ஆகவே எழுதுகிறேன். முதல் தொடக்கம்:

"ஆடர்மௌர் மலை பதினெட்டு கிலோமீட்டர் நீளமும் ஏழு கிலோமீட்டர் அகலமும் கொண்ட சுண்ணாம்புக்கல் பீடபூமி. இதன் வடக்கே…"

[அடித்துவிட்டேன். இதற்கு என் மாணவர்களே தூங்குவார்கள்.]

இரண்டாம் தொடக்கம்: மேலே மழை கொட்டோ கொட்டென்று கொட்டும், குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இருக்காது.

இது பரவாயில்லை. மலையின் தலை மேசைபோலத் தட்டை. ஆனால் கல் முழுக்க வெடிப்பும் குழியும். விழுந்த மழை விழுந்த இடத்திலேயே உள்ளே போய்விடும். ஓடை கிடையாது. ஆகஸ்டிலும் ஆழக் குழிகளில் பனி கிடக்கும். அதை வெட்டி உருக்கித்தான் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவார்கள்.*

* பாறையில் மாட்டுக் குளம்படி போன்ற தடங்கள் உண்டு. அவை கல்லாகிப்போன பழைய கடற்சிப்பிகள். "என் மாடுங்க மிதிச்சது" என்று வல்புர்கா சுற்றுலாக்காரர்களிடம் அடித்துவிடுவாள்.

2

வல்புர்காவின் குடிசை பீடபூமியின் வடக்கு ஓரம். கோடை முழுக்க அங்கே பதினாறு மாடுகளோடு இருந்து சீஸ் செய்வாள். எங்கள் ஊர் தெற்கு அடிவாரம், பதினோரு கிலோமீட்டர் தள்ளி. அவள் குடிசைக்குப் பக்கத்தில் அடி தெரியாத ஒரு குழி இருக்கிறது.

அறுபத்தெட்டில் வெளியூர்க்காரர்கள் சிலர் அந்த இடத்தில் இருநூறு படுக்கை விடுதி கட்ட வந்தார்கள். குடிசையை இடித்துவிட்டு, கழிவுநீரை அந்தக் குழியில் விடுவதாகத் திட்டம். அவர்களுடைய எஞ்சினியர் வெண்ட்லர் ஊர்மன்றத்தில் வரைபடத்தை விரித்தார்.

"குழியிலேர்ந்து வடக்கு விளிம்பு கூப்பிடு தூரம். தண்ணி ஆளில்லாத பள்ளத்தாக்குக்குத்தான் போகும். உங்க ஊருக்கு ஒரு சொட்டு வராது."

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும்தான், நானும் அதைத்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன்.

வல்புர்கா எழுந்தாள். "வரும். எனக்குத் தெரியும்."

"எப்படிம்மா தெரியும்?"

[இந்த இடத்தில் ஐந்து தாள் கிழித்தேன். கடைசியில் அவள் சொன்னதையே வைக்கிறேன்.]

"சீஸ் பிழிஞ்ச புளிச்ச தண்ணிய மத்தவங்க பன்னிக்கு ஊத்துவாங்க. எனக்குப் பன்னி ஆகாது. முப்பது வருஷமா அந்தக் குழியிலதான் கொட்டுறேன். ஒரு வருஷம் கடைசிப் பானையக் கொட்டிட்டு மாட்ட இறக்கிட்டு வந்தேன். ரெண்டாம் நாள் ஊத்துத் தண்ணி விழுற நம்ம ஊர்த் தொட்டியில வாசம் அடிச்சுது. என் சீஸோட வாசம் எனக்குத் தெரியாதா?"

மன்றம் கொதித்தது. தலைவர் பங்கிராட்ஸ் மேசையைத் தட்டினார். "ஏ வல்புர்கா, அப்ப நாங்க முப்பது வருஷமா உன் கழுநீரையா குடிச்சோம்?"

"ஆமா, பங்கிராட்ஸு."

3

இங்கேதான் இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. அவள் ஏன் உண்மையைச் சொன்னாள்? குடிசைக்காக என்றால், ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். குற்ற உணர்ச்சி என்று எழுதினேன். அவள் ஆளே அப்படியில்லை. கடைசியில் அவளையே கேட்டேன்.

"வேற சாட்சி இல்ல வாத்தியாரே. இருந்திருந்தா சொல்லியிருக்கவே மாட்டேன்."

4

சோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். செவ்வாய் மதியம் வெண்ட்லரே செங்கல் நிறச் சாயத்தூளைப் பனி உருக்கிய தண்ணீரில் கரைத்துக் குழியில் ஊற்றினார். தண்ணீர் பட்டதும் பளீர்ப் பச்சை. ஞாயிறு நண்பகல்வரை கெடு. அதற்குள் ஊரில் பச்சை தெரியாவிட்டால் விடுதி. ஊர்த் தொட்டியைக் கவனித்து எழுதும் வேலை எனக்கு.

மதுக்கடையில் நான் சொன்ன கதையில் ஞாயிறு பதினொன்று ஐம்பத்தெட்டுக்குச் சாயம் வரும். கேட்பவர்கள் மேசையில் குத்துவார்கள். வல்புர்கா அதைத்தான் பொய் என்றாள். உண்மையில் வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே வந்துவிட்டது. கதைக்குச் சற்றும் உதவாத நேரம். நான் ரொட்டி வாங்கப் போயிருந்தேன். திரும்பினால் தொட்டி முழுக்கப் பச்சை. ரொட்டியைப் போட்டுவிட்டுக் கோயில் மணியடிக்க ஓடினேன். மலை பதினோரு கிலோமீட்டர் தன் வயிற்றுக்குள்ளேயே தண்ணீரைக் கொண்டுவந்து எங்களிடம் சேர்த்திருந்தது. வாழ்நாளில் நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒன்று இவ்வளவு சந்தோஷமாகப் பொய்த்ததில்லை.

வெண்ட்லர் ஒத்துக்கொள்ளவில்லை. "யாரோ ஒரு புட்டி சாயத்தத் தொட்டியில ஊத்திட்டாங்க."

"அப்ப உக்காந்து பாருங்க ஐயா. புட்டி எப்ப தீருதுன்னு," என்றாள் வல்புர்கா.

அவர் உட்கார்ந்தார். நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே பதினோரு நாள் ஓடியது. நடுவில் ஒரு குழந்தைக்குப் பச்சைத் தண்ணீரிலேயே ஞானஸ்நானம் ஆனது. பன்னிரண்டாம் நாள் வெண்ட்லர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்: குழியின் நீர் ஊருக்கே வருகிறது.

5

ஊரே திரண்டிருக்க, மன்றத்தின் ஒன்பது உறுப்பினர் கையும் விடுதிக்கு எதிராக உயர்ந்தன. சுபம் என்று போட்டிருப்பேன். ஆனால் பங்கிராட்ஸ் உட்காரவில்லை.

"அடுத்த விஷயம், வல்புர்காவோட சீஸ் தண்ணி. முப்பது வருஷமா அதக் குடிச்சவங்க எல்லாரும் எந்திரிங்க."

மண்டபமே எழுந்தது. நானும் எழுந்தேன். வல்புர்காவின் முகம் வெளிறிப்போனது. விளிம்பில் நின்று பள்ளத்தைப் பார்க்கும்போதுகூட அவள் பயந்து நான் பார்த்ததில்லை.

"இப்ப, அதக் குடிச்சுச் செத்தவங்க மட்டும் உக்காருங்க."

ஒருவரும் உட்காரவில்லை. யாரோ முதலில் பூட்ஸால் தரையைத் தட்டினார்கள், எங்கள் ஊர்க் கைதட்டல் அதுதான். பிறகு மண்டபம் முழுக்க மிதித்தது, சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

வல்புர்கா வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். அந்த இரைச்சலில் என் காதில் விழவில்லை. அழுதுகொண்டே நன்றி சொன்னாள் என்று எழுதி அடித்தேன். திட்டினாள் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். அவளிடம் கேட்டால், "அதையாவது நீயா கண்டுபிடி" என்கிறாள். பத்து வருடம் இட்டுக்கட்டியவனுக்கு இந்த ஒரு வரி வரவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

வல்புர்கா சொன்னாள்: "