ஓர்ஸ் ஹில்லில் பதினாறரை அங்குலம்

வான் வண்டியின் பின் ஆசனத்தில் ஒரு மூலையில் ஜப்பான் எஞ்சினியர் மொரித்தா, மற்ற மூலையில் இந்திய எஞ்சினியர் மிஸ்ரா. நடுவில் இன்னும் இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம். அவ்வளவு கோபம். முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் இருந்த இலங்கை நில அளவையாளர் ஜெஸீமாவுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

விஷயம் இதுதான். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு அதிவேக ரயில் பாதை போட இரண்டு நாடுகள் இலங்கையோடு கைகோத்திருந்தன. ஜப்பான் அணி ஹபரணைப் பக்கமிருந்தும், இந்திய அணி துறைமுகத்துப் பக்கமிருந்தும் நிலத்தின் உயரத்தை அளந்துகொண்டு வந்து சீனன்குடாவில் சந்தித்தன. அங்கே அடித்திருந்த அளவை முளை ஒன்று, அதற்கு உயரம் இரண்டு! இந்தியக் கணக்கு நாற்பத்தொரு சென்ரிமீற்றரும் ஒன்பது மில்லிமீற்றரும் தாழ்வு. மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீற்றரில் பறந்து வருகிற ரயில் அந்த இடத்தில் படியேறுமா?

கவனக்குறைவு என்று மொரித்தா கடிதம் எழுதினார். மிஸ்ரா அதைவிட நீளமாகப் பதில் எழுதினார். மூன்று கிழமையாக இருவரும் வேறு வேறு மேசையில் தேத்தண்ணீர் குடிக்கிறார்கள். பொறுத்துப் பார்த்த கொழும்பு, இன்று பின்னேரம் மூன்று மணிக்குள் பிழை பிடிபடாவிட்டால் கூட்டு அணியைக் கலைப்பதாகச் சொல்லிவிட்டது. கலைத்தால் கிண்ணியா ஜெஸீமா பழையபடி கந்தோரில் காணி வரைபடங்களுக்கு இலக்கம் போடவேண்டியதுதான். அதை நினைக்கவே அவளுக்கு அழுகை வந்தது. இந்த வேலையில் அவள் உயிரையே வைத்திருந்தாள்.

சரிபார்க்க மிச்சமிருந்தது ஒரே ஒரு கல். இந்திய அணி அளவைத் தொடங்கிய அரசாங்க மட்டக்கல் திருகோணமலை நகரத்து ஓர்ஸ் ஹில்லில் இருந்தது. கடல் மட்டத்துக்கு மேல் அது எவ்வளவு உயரம் என்பது பழைய பதிவேட்டில் உண்டு. அந்த எண்ணை மிஸ்ராவுக்கு எடுத்துக் கொடுத்தவள் ஜெஸீமா.

கல், ஓய்வுபெற்ற தபாலதிபர் பாக்கியரத்தினத்தின் வாசல் படலையடியில் நின்றது. நாலு பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்பு, தலையில் ஒரு செவ்வரத்தம்பூ. கல் என்று ஒன்றைக் கண்டால் பூ வைக்காமல் மனிதருக்கு மனம் ஆறாதாக்கும்.

"வாங்கோ, வாங்கோ! கல்லைப் பாக்க வந்தனீங்களோ?" என்று அவர் ஓடிவந்தார்.

"ஓம் ஐயா. இதை ஆராவது அசைச்சவையோ?" என்று கேட்டாள் ஜெஸீமா.

"அசைக்கிறதோ? நான்தான் பிள்ளை தூக்கி வைச்சனான்! போன வருசம் ரோட்டை உயர்த்தினவங்கள். கல்லு பள்ளத்துக்குள்ள போயிட்டுது. மழைத்தண்ணியும் ஆட்டுப் புழுக்கையும் அதுக்கு மேல. அரசாங்கத்தின்ர கல்லு அப்பிடிக் கிடக்கலாமோ? மேசனைப் பிடிச்சு, கீழ கொங்கிறீற் போட்டு, நேர தூக்கி வைச்சனான். மட்டம் பாத்தனான், ஒரு நூல் சரிவில்லை!"

ஜெஸீமா குனிந்து கல்லின் அடியைப் பார்த்தாள். "எவ்வளவு உயர்த்தினனீங்கள்?"

அவர் உள்ளே போய்ப் பழைய கலண்டர் மட்டை ஒன்றோடு வந்தார். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: பதினாறரை அங்குலம்.

அவள் கைப்பேசியில் கணக்குப் போட்டாள். நாற்பத்தொன்று தசம் ஒன்பது சென்ரிமீற்றர்! பதிவேட்டில் இருந்தது கல் உயருமுன் எடுத்த எண்; அதனால்தான் இந்தியக் கணக்கு அவ்வளவு தாழ்ந்தது. திரையைப் பின்னால் நின்ற இருவருக்கும் காட்டினாள். இருவர் வாயும் ஒரேமாதிரித் திறந்தன.

பழியை அந்தப் பெரியவர் தலையில் கட்டிவிட ஒரு வசனம் போதும். அவரோ பாராட்டுக்குக் காத்திருப்பவர்போலப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். மூன்று மாதத்துக்கு முன் இதே இடத்துக்கு ஜெஸீமா வந்திருந்தாள். இவ்வளவு வடிவான மட்டக்கல்லை எங்கும் கண்டதில்லை என்று பூரித்துப் படமும் எடுத்துக்கொண்டு போனாள். இன்னொரு கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உயரத்தைக் கொடுக்கவேண்டும் என்பது விதி. வெள்ளைச் சுண்ணாம்பைக் கண்ட மயக்கத்தில் அதை விட்டுவிட்டாள்.

மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். "அவர் கல்லைத்தான் தூக்கினார். சரிபார்க்காமல் உங்களுக்குக் கொடுத்தது நான். பிழை என்னுடையது."

மொரித்தா மிஸ்ராவின் பக்கம் திரும்பி, மன்னிப்புக் கேட்டு இடுப்பு வரை குனிந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மிஸ்ராவும் குனிந்தார். நடுவில் நின்ற கல்லுக்குத்தான் இந்த மரியாதை என்று எண்ணிய பாக்கியரத்தினம், தானும் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. மிஸ்ரா ஒலிபெருக்கியில் போட்டார்.

"பிழை பிடிபட்டதா?"

"பிடிபட்டது. விபரம் எல்லாம் அறிக்கையில் வரும்."

"யாருடைய பிழை?"

மிஸ்ரா மொரித்தாவைப் பார்த்தார். மொரித்தா கைப்பேசிக்குக் கிட்ட வந்தார்.

"கூட்டு அணியின் பிழை," என்றார்.

"ஆம், கூட்டு அணியின் பிழைதான்," என்றார் மிஸ்ராவும். மூன்று கிழமைக்குள் இருவரும் ஒத்துப்போன முதல் பேச்சு அது.

ஜெஸீமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிஸ்ரா வானின் கதவைத் திறந்து அவளைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக் காலை ஆறு மணிக்கு வேலை. இனி எந்தக் கல்லையும் நம்பாத ஒரு ஆள் எங்களுக்குக் கட்டாயம் வேண்டும்."